0.6 வோல்ட் காட்டினால் நல்ல செல்லா?

கதிரொளி:
இணையத்தில் மலிவாகக் கிடைத்த சோலார் செல் ஒரு கட்டு வாங்கினேன். 156 மி.மீ. சதுரம், ஒவ்வொன்றும் 10 வாட் என்று போட்டிருந்தார்கள். வெயிலில் வைத்து மல்டிமீட்டரில் பார்த்தால் எல்லாமே 0.6 வோல்ட்டை ஒட்டித்தான் காட்டுகின்றன. ஓரம் உதிர்ந்து வந்தவையும் அதே அளவுதான். அப்படியானால் சரக்கு நல்லது என்று எடுத்துக்கொள்ளலாமா? 36 செல்லைத் தொடராக இணைத்து 12 வோல்ட் பேட்டரிக்கு ஒரு பேனல் செய்ய வேண்டும்.

முகிலன்:
எடுத்துக்கொள்ள முடியாது. 0.6 வோல்ட் சிலிக்கானின் குணம், அதை வைத்துச் செல்லின் தரத்தைச் சொல்ல முடியாது. அதே செல்லை உடைத்து நகத்தளவு சில்லை வெயிலில் காட்டுங்கள், அதுவும் கிட்டத்தட்ட 0.6தான் காட்டும். பரப்புக்கு ஏற்பக் கூடுவது ஆம்பியர்.

அந்த 10 வாட் கணக்கைப் பார்ப்போம். 15.6 செ.மீ. சதுரத்தின் பரப்பு ஏறக்குறைய 243 சதுர செ.மீ. சோலார் செல்களை அளக்கும்போது வெயிலைச் சதுர மீட்டருக்கு 1000 வாட் என்று வைத்துக்கொள்கிறார்கள். அப்படியென்றால் இந்தச் செல்லின்மேல் விழுவதே 24 வாட்தான். அதிலிருந்து 10 வாட் எடுக்க 41 சதவீதத் திறன் வேண்டும். சாதாரண சிலிக்கான் செல்லுக்குக் கோட்பாட்டு வரம்பே சுமார் 29 சதவீதம். உங்களிடம் இருப்பது நல்ல செல்லாக இருந்தால் 4 முதல் 5 வாட் தரும். விற்றவர் எழுதியது நடக்கவே முடியாத எண்.

வானதி:
எண்ணையே பொய்யாகப் போடுபவரிடம் சரக்கு மட்டும் எப்படிச் சரியாக இருக்கும்? மலிவு விலையில் கட்டாக வருபவை பெரும்பாலும் தொழிற்சாலையில் கழித்துக்கட்டியவை. அடுத்து யாராவது வந்து "மல்டிமீட்டரை 10 ஆம்பியரில் வைத்து ஷார்ட் செய்து பாருங்கள்" என்பார்கள். அதையும் நம்பாதீர்கள். இந்த அளவு செல் 8 ஆம்பியர் தரக்கூடியது. வேலை செய்யும்போது செல்லில் நிற்கும் சுமார் 0.5 வோல்ட்டை 8 ஆம்பியரால் வகுத்தால் 0.06 ஓம். மீட்டரின் மெல்லிய வயரும் முனைகளும் சேர்ந்தே அந்த அளவு தடையைக் கொடுத்துவிடும். நீங்கள் ஷார்ட், அதாவது தடையே இல்லாத இணைப்பு, என்று நினைப்பது செல்லுக்கு முழு லோடு, அதாவது மின்சாரத்தை இழுக்கும் சுமை. மீட்டரில் தெரியும் ஆம்பியர் செல்லுடையதா, வயருடையதா என்று பிரித்துச் சொல்லவே முடியாது. வீட்டில் அளப்பது வீண் வேலை.

முகிலன்:
வயர் விஷயம் முற்றிலும் சரி, பலர் கோட்டைவிடுவது அங்கேதான். ஆனால் அதிலிருந்து "வீண் வேலை" என்ற முடிவுக்குப் போவதை ஏற்க மாட்டேன். வயர்தான் தடை என்றால் அந்த வயரையே அளந்து லோடாக வைக்கலாமே. 1 சதுர மி.மீ. செம்புக் கம்பி மீட்டருக்குச் சுமார் 17 மில்லியோம். மூன்றரை மீட்டர் எடுத்தால் 0.06 ஓம் வந்துவிடும். அதைச் செல்லின் முன்பக்க வெள்ளிக் கோட்டுக்கும் பின்பக்கத்துக்கும் இடையே பற்றவைத்து, மீட்டர் முனைகளைச் செல்லின் மேலேயே வைத்து வோல்ட்டைப் பாருங்கள். நல்ல வெயிலில் 0.45க்கு மேல் நின்றால் செல் வேலை செய்கிறது. 0.3க்கு இறங்கினால் வெயிலில் காட்டிய 0.6 வெறும் தோற்றம். எல்லாச் செல்லையும் ஒரே நேரத்தில், ஒரே வெயிலில் சோதியுங்கள். மேகம் வந்தால் நிறுத்திவிடுங்கள். செல் சூடானால் வோல்ட் குறையும், டிகிரிக்கு ஏறக்குறைய 2 மில்லிவோல்ட். அதனால் வெயிலில் வைத்த உடனே அளந்துவிடுங்கள். உண்மையான அளவு தெரியாவிட்டாலும் எது எதைவிட மட்டம் என்பது தெரிந்துவிடும், பிரித்தெடுக்க அது போதும்.

சால்டர் செல்வம்:
இன்னொரு எளிய சோதனை. நேர் வெயில் படாத ஜன்னலோரம் வரிசையாக வைத்து, லோடு இல்லாமல் வோல்ட் பாருங்கள். உள்ளுக்குள்ளேயே மின்சாரம் கசிந்து வீணாகும் செல் நல்ல வெயிலில் மாட்டிக்கொள்ளாது, ஏனென்றால் அங்கே மின்னோட்டம் தாராளம். வெளிச்சம் குறைந்ததும் மற்றவை கொஞ்சம்தான் இறங்கும், இது மட்டும் சட்டென்று விழும்.

வானதி:
இவ்வளவும் செய்தாலும் விரிசல் தெரியாதே! செல்லின் தடிமன் 0.2 மி.மீ.கூட இருக்காது, சால்டரிங் சூட்டிலேயே விரியும். வெள்ளிக் கோட்டுக்கு இணையாக ஓடும் விரிசல்தான் மோசம், ஒரு பட்டையையே துண்டித்துவிடும். இன்று அளவில் தேறிய செல் பகல் சூட்டிலும் இரவுக் குளிரிலும் மாறி மாறிக் கிடந்து நாளை பிளக்கும். 36ஐத் தொடரில் போட்டால் மட்டமான ஒன்றே மொத்த ஓட்டத்தையும் கட்டுப்படுத்தும். மற்றவை அதன் வழியே ஓட்டத்தைத் தள்ளப் பார்க்கும்போது அது மின்சாரம் தருவதை விட்டுவிட்டுச் சூடாகிக் கருகும். மரச் சட்டத்தில் கட்டிக் கூரையில் வைத்த பேனல் இப்படிச் சுட்டால் என்ன ஆகும்?

முகிலன்:
அதற்குத்தான் 18 செல்லுக்கு ஒரு பைபாஸ் டயோடு, மட்டமான செல் உள்ள பகுதியைத் தவிர்த்து ஓட்டத்தை மாற்று வழியில் விடும் பாகம். அது இல்லாமல் யாரும் கட்டக் கூடாது, இதில் நமக்குள் வேறுபாடு இல்லை. ஆனால் ஓரம் உதிர்ந்த செல்லையெல்லாம் குப்பை என்று சொல்லாதீர்கள். மூலை போனால் போன பரப்பு அளவுக்கு ஆம்பியர் குறையும், அவ்வளவுதான்.

கதிரொளி:
ஜன்னலோரம் வைத்துப் பார்த்தேன். ஓரம் உதிர்ந்தவை மற்றவற்றோடு ஒத்துப்போகின்றன. ஒரு கீறல்கூட இல்லாத ஒரு செல் மட்டும் 0.15க்கு விழுந்தது! வெயிலில் அதுவும் 0.6 காட்டியதுதான்.

சால்டர் செல்வம்:
அதுதான் கசிவு. தனியே எடுத்து வையுங்கள், தொடரில் சேர்க்க வேண்டாம். இனிக் கம்பிச் சோதனை.

வானதி:
பிரித்தெடுத்த பிறகும் என் கருத்து மாறவில்லை. கற்றுக்கொள்ளச் செய்யுங்கள், கண்முன்னே இருக்கும் சின்ன விளக்குக்கு வையுங்கள். ஆள் பார்க்காத கூரைக்கு, முழுப் பேனலாகச் சோதித்து வருவதை வாங்குங்கள்.

முகிலன்:
கூரைக்கு வேண்டாம் என்பதை மட்டும் ஒப்புக்கொள்கிறேன். கதிரொளி, கம்பிச் சோதனையில் வரும் வோல்ட்டை ஒவ்வொரு செல்லின் பின்பக்கத்திலும் மார்க்கரால் எழுதிவிடுங்கள். நெருங்கிய எண்களை ஒரே தொடரில் போடலாம்.