கொடியை மடித்துக் கொடுத்தவன் சொல்கிறேன்

நாட்டுப்பற்றால்தானே ராணுவத்தில் சேர்ந்தீர்கள் என்று கேட்பவர்களுக்கு என் பதில் பிடிப்பதில்லை. ஆள்சேர்ப்பு முகாமில் 1,600 மீட்டர் ஓடி முடித்தபோது என் தலைக்குள் இருந்தது மாதச் சம்பளமும் அக்கா கல்யாணக் கடனும்தான். கூட ஓடியவர்களில் முக்கால்வாசிப் பேருக்கும் ஏறக்குறைய அதே கதை. நீலகிரி வெலிங்டனில் பயிற்சி முடிந்து கசம் பரேடு, அதாவது உறுதிமொழி அணிவகுப்பு, நடந்தது. கொடி முன்னால், மத நூல்கள் சாட்சியாக உறுதிமொழி எடுத்தோம். அன்றைக்கும் எனக்குப் பெரிய கவலை பூட்ஸ் பளபளப்புதான்.

கொடி மனதில் பதிந்தது ஒரு மலைச் சாவடியில். அங்கே காற்று அடிக்கிற அடிக்கு, ஓரம் நூல் நூலாகப் பிரிந்துவிடும். கிழிந்த கொடியைப் பறக்கவிடக் கூடாது, குப்பையிலும் போடக் கூடாது. யார் கண்ணிலும் படாமல், முழுசாக அழிக்க வேண்டும்; எரிப்பது நல்லது என்கிறது கொடிச் சட்டம். சுபேதார் சாப் அதை மடித்து எடுத்துக்கொண்டு சாவடிக்குப் பின்னால் போனார். நான் மண்ணெண்ணெய் டப்பாவோடு பின்தொடர்ந்தேன். "தொப்பியச் சரியாப் போடுடா" என்றார். வேறு பேச்சில்லை. கடைசி நூல் சாம்பலாகும்வரை விறைப்பாக நின்றார். பார்க்க ஒரு ஆள் இல்லாத இடத்தில், அப்படி!

பிறகு, எங்கள் செக்‌ஷன் பையன் ஒருவனின் உடலோடு அவன் ஊருக்குப் போகும் வேலை எனக்கு வந்தது. மொழி தெரிந்தவன் வேண்டுமே. பெட்டியில் கொடியைப் போர்த்தும்போது காவி தலைமாட்டில் வர வேண்டும். வழியில் வண்டி குலுங்கும்போதெல்லாம் நான் அதைத்தான் சரிபார்த்துக்கொண்டு வந்தேன். அழுகை வராமல் இருக்க அந்த வேலை உதவியது என்று இப்போது தோன்றுகிறது.

சுடுகாட்டில் அவன் அப்பா என் கையைப் பிடித்துக்கொண்டார். "அப்படியே போத்தி அனுப்பிருங்க தம்பி. அவன் ஆசப்பட்டது அதானே."

"இல்லங்கய்யா, கொடிய சிதையில வைக்கக் கூடாது. பொதைச்சாலும் குழிக்குள்ள எறக்க மாட்டோம். இது இனிமே உங்க வீட்டுக்குங்கய்யா."

அவர் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "அப்ப எங்களுக்குத்தானா?" என்று இரண்டு முறை கேட்டார். மரியாதைக் குண்டுகள் முழங்கின, குழந்தை மிரண்டு அழுதது, அமைச்சர் மாலை வைத்தார்; அதெல்லாம் பேப்பரில் வந்தது. நானும் இன்னொரு ஜவானும் மடித்துக் கொடுத்த கொடியை அதிகாரி அவன் மனைவியிடம் ஒப்படைத்தார்.

போன மாதம் அந்தப் பெரியவர் போன் செய்தார். பேத்தி பீரோவைத் திறந்து கொடியைப் பிரித்துப் பார்த்துவிட்டாளாம். திரும்ப அதே மாதிரி மடிக்க வரவில்லை. "தப்பு ஒண்ணும் இல்லையே தம்பி?"

"அவ அப்பா கொடி, அவ பாக்காம யாரு பாப்பா? பெரிய மேசையில அகலமா விரிங்க. காவியும் பச்சையும் வெள்ளைக்கு அடியில போகணும். அப்புறம் ரெண்டு பக்கத்துல இருந்தும் நடுவுக்கு மடிச்சா சக்கரம் மட்டும் மேல தெரியும், ஓரத்துல காவியும் பச்சையும் கொஞ்சம்."

மூன்று முறை சொன்னேன். சக்கரம் ஓரத்துக்கே போகிறதாம். அடுத்த வாரம் அந்தப் பக்கம் ஒரு கல்யாணம் இருக்கிறது. வந்து மடித்துத் தருகிறேன் என்று சொல்லியிருக்கிறேன்.