பெரியம்மா கொடுத்த பவரை ரத்து செய்து மாற்றிய அனுபவம்

எங்கள் பெரியம்மாவுக்கு எண்பது தாண்டிவிட்டது, பிள்ளைகள் கிடையாது. பெரியப்பா போன பிறகு வீடு, வயல் எல்லாவற்றையும் பார்த்துக்கொள்ள எங்கள் மாமா மகனுக்குப் பொது அதிகாரப் பத்திரம் (பவர், அதாவது தன் சார்பில் கையெழுத்துப் போடும் அதிகாரம்) எழுதிக் கொடுத்திருந்தார். அவர் துபாய் போய்விட்டார். சண்டை சச்சரவு ஒன்றும் இல்லை, ஒரு கையெழுத்து வேண்டுமென்றால் இங்கே ஆள் இல்லை, அவ்வளவுதான். சரி, பழையதை ரத்து செய்துவிட்டு என் பெயருக்குப் புதிதாக எழுதலாம் என்று முடிவானது.

பத்திர எழுத்தர் எடுத்த எடுப்பில் கேட்டது, "பவர் வாங்கினவர் பணம் ஏதும் கொடுத்திருக்காரா?" அந்தச் சொத்தில் அவருக்கே பாத்தியதை இருந்தால் இஷ்டத்துக்கு ரத்து செய்ய முடியாதாம், 1872 ஒப்பந்தச் சட்டம் 202வது பிரிவு. எங்களுக்கு அந்தச் சிக்கல் இல்லை. ரத்துப் பத்திரத்தில் பெரியம்மா கையெழுத்து போதும், மாமா மகன் வர வேண்டியதில்லை. பழைய பத்திர எண்ணும் வருடமும் தப்பில்லாமல் இருக்க வேண்டும்.

சார்பதிவாளர் அலுவலகத்தில் பாடாய்ப் படுத்தியது கைரேகைதான். காலமெல்லாம் பாத்திரம் தேய்த்த விரல், மெஷினில் விழுவேனா என்கிறது. ஈரத்துணியால் துடைத்து, விரலை மாற்றி மாற்றி வைத்து, பின்னால் வரிசையில் நின்றவர்கள் முணுமுணுக்க ஒருவழியாக விழுந்தது. சார்பதிவாளர் என்னைத் தள்ளி நிற்கச் சொல்லிவிட்டு, "யாரும் கட்டாயப்படுத்துறாங்களாம்மா?" என்று அவரிடமே கேட்டார். "எம் புத்தி நல்லாத்தான் இருக்கு, வெரல்தான் தேஞ்சுபோச்சு" என்றார் பெரியம்மா.

பதிந்ததோடு வேலை முடிந்தது என்று பலர் விட்டுவிடுகிறார்கள். பவர் வாங்கியவருக்கு விஷயம் தெரிந்தால்தான் அவரைப் பொறுத்தவரை ரத்து, அவரோடு வரவுசெலவு வைத்திருப்பவர்களுக்கும் அப்படியே. அதனால் மாமா வீட்டு முகவரிக்கு ஒப்புகை அட்டையோடு பதிவுத் தபால், அவருக்கு வாட்ஸ்அப்பில் நகல், பேங்க் கிளைக்குத் தனிக் கடிதம் என்று எல்லாம் அனுப்பினோம். வயலைக் குத்தகைக்கு எடுத்தவரிடம் நேரிலேயே சொல்லிவிட்டோம்.

*

நல்லவேளை அண்ணா, உங்கள் பெரியம்மா தெளிவாக இருக்கும்போதே செய்தீர்கள். எங்கள் அப்பாவுக்கு மறதி நோய் முற்றிய பிறகுதான் நாங்கள் போய் நின்றோம். புதுப் பவர் எழுத முடியாது என்பது எதிர்பார்த்ததுதான், அண்ணனிடம் இருந்த பழைய பவரும் செல்லாது என்று வக்கீல் சொன்னபோதுதான் தூக்கிவாரிப் போட்டது. கொடுத்தவர் சித்த சுவாதீனம் இழந்தாலும் இறந்தாலும் பவர் போய்விடுமாம் (அதே ஒப்பந்தச் சட்டம், 201வது பிரிவு). இப்போது பாதுகாவலர் நியமனத்துக்குக் கோர்ட்டுக்கு அலைகிறோம். கோமாவில் இருந்தவரின் மனைவியைச் சென்னை உயர் நீதிமன்றம் 2024ல் பாதுகாவலராக நியமித்தது, அந்தத் தீர்ப்பைத்தான் வக்கீல் கையில் வைத்திருக்கிறார்.

*

பவர் எழுதப் படுக்கையில் இருப்பவர்களைப் பதிவு அலுவலகத்துக்குத் தூக்கிக்கொண்டு போகாதீர்கள். மனு கொடுத்தால் சார்பதிவாளரே வீட்டுக்கு வந்து பதிவார், அதற்குத் தனிக் கட்டணம். எங்கள் ஆச்சிக்குக் கட்டிலிலேயே பவர் பதிவு முடிந்தது. அப்புறம் ஆச்சி சார்பில் இடத்தை விற்கப் போனபோது, அவர் உயிரோடு இருக்கிறார் என்று டாக்டரிடம் உயிர்வாழ் சான்று கேட்டார்கள், முப்பது நாளுக்குள் வாங்கியதாக இருக்க வேண்டும். முன்கூட்டியே வாங்கி வைத்தால் வீண்.