புது வீட்டுக்கு வைஃபையா, ஜிக்பீயா, கம்பியா? எதை நம்பி இறங்கலாம்?

நொய்யல்கரை:
திருப்பூரில் வீடு கட்டுகிறேன், கீழும் மாடியும். சுவர் எழும்பிவிட்டது, அடுத்து காடி வெட்டி பைப் பதிக்கணும். லைட், ஃபேன், தண்ணி மோட்டார், கேட் லைட் எல்லாம் ஸ்விட்சிலும் போனிலும் இயங்கணும். அப்பா அம்மாவுக்கு எழுபது தாண்டிவிட்டது. ராத்திரி எழுந்து கை வைத்தால் லைட் எரியணும், அதுதான் முக்கியம். கடைக்காரர் வைஃபை ஸ்விட்ச் போதும் என்கிறார். இன்டீரியர்காரர், ஸ்விட்சையும் லைட்டையும் தனிக் கம்பியில் இணைக்கும் கே.என்.எக்ஸ். என்கிறார். நண்பன், கருவிக்குக் கருவி செய்தி கடத்தும் ரேடியோ முறையான ஜிக்பீதான் என்று ஒற்றைக்காலில் நிற்கிறான். பத்து வருஷம் தொந்தரவில்லாமல் ஓடுவது எது?

கம்பிக்காரன்:
காடி வெட்டும் முன்பே கேட்டது நல்லது. கே.என்.எக்ஸ். தவிர வேறு எதையும் பத்து வருஷத்துக்கு என்று சொல்ல எனக்கு மனசு வராது. இதன் முன்னோடியான இ.ஐ.பி. ஐரோப்பாவில் 1990 வாக்கில் வந்தது. அந்தக் காலத்து ரிலேயோடு (மின்சாரத்தால் இயங்கும் ஸ்விட்ச்) இன்று வாங்கும் பட்டனைச் சேர்த்து ஓட்டலாம். ஒரு ஜோடி முறுக்குக் கம்பி, சுமார் 30 வோல்ட் டி.சி., நொடிக்கு 9600 பிட். லைட் போட அந்த வேகம் தாராளம். நடுவில் சர்வர் கிடையாது. எந்தப் பட்டனுக்கு எந்த லைட் என்பது அந்தந்தக் கருவிக்குள்ளேயே பதிந்திருக்கும். பக்கத்து வீட்டில் எத்தனை ரவுட்டர் வைத்தாலும் உங்கள் லைட்டை அது தொடாது.

வலைக்கண்ணி:
சர்வர் இல்லை, சரி அண்ணா. அந்த 30 வோல்ட் கொடுக்கும் பவர் சப்ளை போனால்? அந்த லைனில் உள்ள அத்தனை பட்டனும் ஒரே நேரத்தில் படுத்துவிடும். ரிலேயில் கையால் தள்ளுகிற பிடி இருக்கும் என்பீர்கள். எழுபது வயதுக்காரர் இருட்டில் டி.பி. என்கிற மெயின் மின் பெட்டியைத் திறந்து அதைத் தேடுவாரா? லைட் ஒயர் எல்லாம் டி.பி.க்குப் போய்விடும், சுவர்ப் பெட்டிக்கு வருவது பஸ் என்கிற அந்த 30 வோல்ட் செய்திக் கம்பி மட்டும். நாளைக்கு வேண்டாம் என்றால் சாதா ஸ்விட்ச்கூட மாட்ட முடியாது. சின்ன மாற்றத்துக்கும் இ.டி.எஸ். மென்பொருள் தெரிந்த ஆள் வேணும். அவர் ஊரை விட்டுப் போய்விட்டால் யாரைக் கூப்பிடுவது?

ஜிக்பீயைக் குறை சொல்பவர்களில் பெரும்பாலோர் சேனலைப் பார்ப்பதே இல்லை. ஜிக்பீயும் வைஃபையும் ஒரே 2.4 கிகாஹெர்ட்ஸில்தான் ஓடுகின்றன. ஜிக்பீக்கு 11 முதல் 26 வரை சேனல். வைஃபை 1, 6, 11-ல் இருக்கும்வரை ஜிக்பீ 25 அதற்கு வெளியே, 2475 மெகாஹெர்ட்ஸில், தனியாக இருக்கும். ஆனால் நம் ஊர் ரவுட்டர்கள் 13 வரை போகும். ஆட்டோவில் விட்டால் என்றாவது ஒரு நாள் தானாக 13-க்குத் தாவும், அன்றைக்கு ஜிக்பீ தடுமாறும். ரவுட்டரை 1-ல் நிறுத்தி வைத்தால் அந்தப் பிரச்சினை வராது. அதேபோல ஜிக்பீ டாங்கிளை (கணினியில் செருகும் சின்ன ரேடியோ) யு.எஸ்.பி. 3 போர்ட்டில் நேராகச் செருகாதீர்கள். அந்தப் போர்ட் 2.4-ல் இரைச்சல் கிளப்பும் என்று இன்டெல் நிறுவனமே 2012-ல் எழுதியிருக்கிறது. ஒரு மீட்டர் எக்ஸ்டென்ஷன் ஒயர் போட்டுத் தள்ளி வையுங்கள். என் வீட்டில் இந்த இரண்டும் செய்த பிறகு சென்சார்கள் காணாமல் போவது நின்றது.

ரவுட்டர் ரங்கன்:
சேனலை நிறுத்து, டாங்கிளைத் தள்ளி வை... வயதான இரண்டு பேர் இருக்கும் வீட்டில் இதையெல்லாம் யார் பார்த்துக்கொண்டிருப்பது? வைஃபை ஸ்விட்சுக்கு, எல்லாக் கருவியையும் இணைக்கும் ஹப் பெட்டி வேண்டாம். ஒன்று கெட்டால் அந்த ஒன்றுதான் கெடும். கீழே ஒன்று, மாடியில் ஒன்று என்று வைஃபை பரப்பும் அக்சஸ் பாயின்ட் வைத்து கேட்-6 நெட்வொர்க் கேபிள் இழுத்துவிட்டால் போதும். ஜிக்பீயில் பல்புதான் அடுத்த கருவிக்குச் செய்தியைக் கடத்தும். யாராவது சுவர் ஸ்விட்சை அணைத்தால் பல்பு செத்தது, அதை நம்பியிருந்த சென்சாரும் தொங்கும். நம் வீடுகளில் ரூமை விட்டு வெளியே வந்தால் ஸ்விட்சை அணைப்பது சின்ன வயசிலிருந்து வந்த பழக்கம். அதை மாற்றவும் கூடாது.

வலைக்கண்ணி:
அதனால்தான் பல்பு வாங்காதே, ஸ்விட்சுக்குப் பின்னால் மாட்டும் மாட்யூல் வாங்கு என்கிறோம். மாட்யூலுக்கு எப்போதும் கரண்ட் இருக்கும், பாதை அறுந்து போகாது.

கடையில் கிடைக்கும் வைஃபை ஸ்விட்சுகளில் முக்கால்வாசி கம்பெனியின் சர்வரைக் கேட்டுத்தான் வேலை செய்கின்றன. 2021 டிசம்பர் 7 அன்று அமேசானின் கிளவுட் (இணையத்தில் இருக்கும் சர்வர்கள்) படுத்தபோது ரிங் கேமராக்களும் சேர்ந்து படுத்தன. 2022 ஏப்ரலில் ஸ்மார்ட் ஸ்விட்ச் விற்ற இன்ஸ்டியான் கம்பெனி முன்னறிவிப்பே இல்லாமல் சர்வரை மூடியது. காசு கொடுத்து வாங்கிய ஹப்புகள் ஆப்புக்குப் பதில் சொல்லவில்லை.

ரவுட்டர் ரங்கன்:
கிளவுட் வேறு, வைஃபை வேறு. இரண்டையும் ஒன்றாகக் கட்டாதீர்கள். டாஸ்மோட்டா, இஎஸ்பிஹோம் போன்ற மாற்று மென்பொருள் ஏற்றிய ஸ்விட்சுக்கு இன்டர்நெட்டே வேண்டாம், வீட்டு ரவுட்டர் போதும். நீங்கள் சொன்ன இன்ஸ்டியான் வைஃபையே கிடையாது. மின்கம்பியிலும் தனி ரேடியோவிலும் ஓடியது. சர்வர் மூடிய பிறகும் அதன் ஸ்விட்சுகள் ஒன்றோடொன்று பேசிக்கொண்டுதான் இருந்தன. பிறகு அதைப் பயன்படுத்தியவர்களே சிலர் சேர்ந்து கம்பெனியை வாங்கினார்கள்.

வலைக்கண்ணி:
கடையில் வாங்கிய ஸ்விட்சில் மென்பொருளை மாற்றி ஏற்ற எத்தனை பேருக்குத் தெரியும்? கரண்ட் போய் வந்ததும் ரவுட்டர் எழுந்திருக்கச் சில நிமிஷம் ஆகும். அதுவரை அத்தனை ஸ்விட்சும் ஒரே நேரத்தில் கதவைத் தட்டும். இன்டர்நெட் கம்பெனி கொடுக்கும் இலவச ரவுட்டர் முப்பது நாற்பது கருவிக்கே திணறும். ஜிக்பீயில் ரிமோட்டையும் லைட்டையும் நேரடியாகப் பிணைத்து வைத்தால் ஹப் இல்லாமலே எரியும்.

டொராண்டோ தமிழச்சி:
ஜிக்பீ மாதிரி இன்னொரு ரேடியோ முறையான இசட்-வேவ் பற்றி யாருமே பேசவில்லையே. எங்கள் வீட்டில் வருஷக்கணக்காக ஓடுகிறது. 2.4-ல் இல்லை, அதனால் வைஃபையோடு மோதலே கிடையாது. தாழ்ந்த அலைவரிசை என்பதால் சுவரையும் நன்றாக ஊடுருவும். ஊருக்கு வரும்போது தம்பி வீட்டுக்குக் கொஞ்சம் எடுத்து வரலாம் என்றிருக்கிறேன்.

கம்பிக்காரன்:
தயவுசெய்து எடுத்து வராதீர்கள். அங்கே இசட்-வேவ் 908.42 மெகாஹெர்ட்ஸ். இங்கே அது செல்போன்கள் டவரோடு பேசும் அலைவரிசைக்குள் வருகிறது. சட்டப்படியும் தப்பு, பக்கத்தில் இருக்கும் போன்களின் இரைச்சலில் உங்கள் ஸ்விட்சும் சரியாக ஓடாது. இந்தியாவுக்கான இசட்-வேவ் 865.2-ல் இருக்கிறது, உரிமம் தேவையில்லாத பகுதி அது. அந்தப் பொருள் இங்கே கிடைப்பது அரிது, கெட்டால் மாற்றுக்கு அலைய வேண்டும். எனக்கு அதுவும் நம்பகத்தன்மையில்தான் சேர்த்தி.

ஒயர்மேன் மதுரை:
எல்லாரும் சிக்னலைப் பத்தியே பேசுறீங்க. நான் கழட்டிப் போட்ட மாட்யூல்கள்ல சிக்னலால கெட்டது ரொம்பக் கம்மி சார். முதல் எதிரி நியூட்ரல் கட். த்ரீ பேஸ் லைன்ல நியூட்ரல் அறுந்தா 230 இருக்க வேண்டிய இடத்துல 400 வரைக்கும் ஏறும். சாதா ஸ்விட்ச் அதைத் தாங்கிட்டு நிக்கும். மாட்யூலுக்குள்ள இருக்குற குட்டி பவர் சப்ளை நிக்காது, வைஃபையோ ஜிக்பீயோ எல்லாம் ஒண்ணாப் போயிடும். சர்ஜ் அரெஸ்டர் போட்டாச்சேன்னு நினைக்காதீங்க, அது இடிக்குத்தான். வோல்டேஜ் ஏறி நின்னா லைனை வெட்டுற ரிலேவை டி.பி.யில தனியாப் போடணும்.

ரெண்டாவது மோட்டார். மாட்யூல் மேல 16 ஆம்பியர்னு போட்டிருக்குன்னு தண்ணி மோட்டாரை நேரா அதுல கொடுக்குறாங்க. ஸ்டார்ட் ஆகும்போது பல மடங்கு இழுக்கும், ரிலே பாயின்ட் பொறி அடிச்சு ஒட்டிக்கும். போன்ல ஆஃப்னு காட்டும், மோட்டார் ஓடிட்டே இருக்கும். டேங்க் வழிஞ்சு, கிணத்துல தண்ணி வத்தி, காயில் கருகுன வாசனை வந்த பிறகுதான் கூப்பிடுவாங்க. நடுவுல மோட்டார் லோடைத் தாங்குற பெரிய ரிலே, அதான் கான்டாக்டர், ஒண்ணு போட்டு, மாட்யூல் அதோட காயிலை மட்டும் இயக்கட்டும்.

நொய்யல்கரை:
இதை ஒருவரும் என்னிடம் சொல்லவில்லை, நன்றி அண்ணே. அப்படியென்றால் பைப் போடும்போது என்னென்ன செய்யச் சொல்லணும்?

ஒயர்மேன் மதுரை:
ஒவ்வொரு ஸ்விட்ச் பெட்டிக்கும் நியூட்ரல் வரணும். பிளக் இருக்குற போர்டுல எப்படியும் வந்துடும். மாடிப்படி, வராண்டா, கேட் லைட், இந்த மாதிரி ஸ்விட்ச் மட்டும் இருக்குற பெட்டியிலதான் விட்டுடுவாங்க. ஆழமான பெட்டி போடச் சொல்லுங்க, மாட்யூல் நெருக்கமா இருந்தா சூட்டுல சீக்கிரம் போகும். லைட் ஒயர் வழக்கம்போல பெட்டிக்கே வரட்டும்.

கம்பிக்காரன்:
லைட் ஒயர் பெட்டிக்கு வந்துவிட்டால் கே.என்.எக்ஸ். கதவு பாதி மூடியதுதான். எனக்கு இதில் சம்மதமில்லை. ஆனால் பக்கத்திலேயே ஒரு காலி பைப்பாவது டி.பி. வரை ஓட்டி வையுங்கள். பிறகு சுவரை உடைக்க யாருக்கும் மனசு வராது.

ரவுட்டர் ரங்கன்:
அந்தக் காலி பைப் மாடி ஹால் கூரைக்கும் ஒன்று போகட்டும். அக்சஸ் பாயின்டுக்கு.

வலைக்கண்ணி:
எந்த மாட்யூல் வாங்கினாலும் சுவர் ஸ்விட்சைக் கையால் தட்டினால் அதிலேயே ரிலே மாறுகிறதா என்று கடையில் இன்டர்நெட்டைத் துண்டித்துவிட்டுச் சோதித்துப் பாருங்கள். கரண்ட் வந்ததும் பழைய நிலைக்குத் திரும்பும்படி அமைக்க முடிகிறதா என்றும் கேளுங்கள். முடியாது என்றால் அப்பா அம்மா ரூமுக்கு அதை வாங்காதீர்கள்.