ராஜாக்கள் யார் வீட்டில்?

குழு: அப்பா வீட்டுப் பிள்ளைகள்
சனிக்கிழமை

4:02 ஜெனி: கிறிஸ்துமஸுக்கு 24ஆம் தேதி ராத்திரி யார் வீட்டில் என்று இன்றாவது முடிவு செய்யலாமா? போன வருடம் மாதிரி இரண்டு பிள்ளைகளையும் தூக்கிக்கொண்டு ஒரே ராத்திரியில் மூன்று வீட்டுப் படி ஏற என்னால் முடியாது.

4:03 அமலன்: 👍

4:03 ஜெனி: எந்த வீட்டுக்கு 👍 அண்ணா?

4:04 அமலன்: முடிவு செய்யலாம் என்பதற்கு

4:09 ஃபிலோ: ராஜாக்கள் மூன்று பேரும் என் வீட்டில் இருக்கிறார்கள். கிறிஸ்துமஸ் குடிலை எல்லாச் சுரூபமும் சேர்த்து முழுதாகப் பார்க்க வேண்டும் என்றால் எல்லாரும் இங்கே வர வேண்டியதுதான்.

4:10 அந்தோணி: ஆரம்பமாகிவிட்டது

4:10 அந்தோணி: பாகப்பிரிவினை பாகம் 2

4:11 ஃபிலோ: சிரிக்காதே தம்பி. அப்பா இறந்து முப்பதாம் நாள், குடில் பெட்டியைத் திறந்து என்ன செய்தீர்கள்? மூத்தவருக்குத் திருக்குடும்பம். இளையவருக்குத் தொழுவமும் இடையர்களும். எனக்கு மூன்று ராஜாக்கள். ராஜா என்று பெயர்தான், கதைப்படி வெளியூர்க்காரர்கள். பெண்பிள்ளைக்கு வெளியூர்க்காரர்களே போதும் என்று விட்டீர்கள்.

4:12 அந்தோணி: ஒட்டகத்தை விட்டுவிட்டாயே அக்கா. அதுவும் உன் கணக்குதான். எனக்கு ஆடு, மாடு, கழுதை. அப்பாவுக்கு என்னை நன்றாகத் தெரியும்.

4:19 சூசை: அன்புள்ள தங்கை, தம்பி, பிள்ளைகளே. குடிலைப் பற்றிப் பேச்சு வந்ததால் சொல்கிறேன். அசிசி நகரப் புனித பிரான்சிஸ் 1223இல் இத்தாலியின் கிரேச்சோ என்ற ஊரில் முதன்முதலாகக் குடில் அமைத்தபோது அதில் சுரூபம் எதுவும் கிடையாது. வைக்கோல் போட்ட ஒரு தீவனத் தொட்டி, உயிருள்ள ஒரு மாடு, ஒரு கழுதை. அவ்வளவுதான். அந்த மாடும் கழுதையும்கூட லூக்கா எழுதிய நற்செய்தியில் இல்லை, அவர் தொட்டியை மட்டும்தான் சொல்கிறார். ஆகவே எந்தச் சுரூபம் யார் வீட்டில் என்பது பெரிய காரியமே அல்ல. அதோடு, ராஜாக்கள் 24ஆம் தேதி குடிலில் இருப்பதே முறையல்ல. மத்தேயு நற்செய்தியில் சொல்வதைப் பார்த்தால், ராஜாக்கள் என்று நாம் சொல்லும் ஞானிகள் நுழைந்தது வீட்டுக்குள், தொழுவத்துக்குள் அல்ல. எத்தனை பேர் என்றும் அவர் சொல்லவில்லை. பொன், சாம்பிராணி, வெள்ளைப்போளம் என்று காணிக்கை மூன்று இருந்ததால் ஆளும் மூன்று என்று நாம் வைத்துக்கொண்டோம். ஜனவரி 6 காட்சிப் பெருவிழாவுக்கு அவர்கள் வந்தால் போதும். இன்று காலைதான் இதையெல்லாம் ஆதனுக்குப் போனில் கதையாகச் சொன்னேன். பிள்ளை அருமையாகக் கேட்டான். "நம்ம குடில்ல ராஜாவே இல்லையே தாத்தா" என்றான்.

4:20 ஃபிலோ: நாலரை வயதுப் பிள்ளைக்குத் தெரிகிறது.

4:20 ஃபிலோ: அப்படியானால் நானும் ஜனவரி 6 வந்தால் போதுமா அண்ணே?

4:21 அந்தோணி: 😂

4:21 ஃபிலோ: (இந்தச் செய்தி நீக்கப்பட்டது)

4:22 அந்தோணி: படித்துவிட்டேன் அக்கா

4:26 நிஷா: வீடு எதுவாக இருந்தாலும் சரி. நள்ளிரவுப் பூசைக்கு இரட்டையர்களைக் கூட்டிவர மாட்டேன், இப்போதே சொல்லிவிடுகிறேன். போன வருடம் "உன்னதங்களிலே" பாடும்போது மணி அடித்ததும் இரண்டும் அலறி எழுந்தது எல்லாருக்கும் நினைவிருக்கும்.

4:26 அந்தோணி: பாலன் இயேசுவே எழுந்திருப்பார்

4:27 அமலன்: பெரியவள் அடங்கியதும் சின்னவள் தொடங்கினாள். வாசலில் நின்றே பூசை பார்த்தேன்.

4:29 ரீத்தா: 24 சாயங்காலத் திருப்பலிக்குப் போங்கள். அதுவும் கிறிஸ்துமஸ் பூசைதான். எனக்கு அன்று இரவு டியூட்டி, நானும் அதற்குத்தான் வருவேன்.

4:30 ஃபிலோ: நீ வேறு, என் வயிற்றில் பிறந்துவிட்டு. பாலன் ஆறு மணிக்கா பிறந்தார்?

4:34 சூசை: ரீத்தா சொல்வது சரி. கிறிஸ்துமஸுக்குத் திருச்சபை நான்கு திருப்பலி வைத்திருக்கிறது. 24 மாலை திருவிழிப்பு, பிறகு நள்ளிரவு, விடியல், பகல். நான்குக்கும் வாசகங்கள் தனித்தனி. கைக்குழந்தை உள்ளவர்கள்

4:34 சூசை: கை பட்டுப் போய்விட்டது. கைக்குழந்தை உள்ளவர்கள் எதற்கு வந்தாலும் குறையில்லை.

4:35 நிஷா: நன்றி மாமா 🙏

4:36 ஃபிலோ: எனக்கு நள்ளிரவுதான். தனியாகவே போய்க்கொள்கிறேன். எப்போதும் போல.

4:41 ஜெனி: இன்னொரு விஷயம். இந்த வருடம் கிறிஸ்துமஸ் தாத்தா வேடம் அப்பா போட வேண்டாம். ஆதன் இன்னும் கேட்டுக்கொண்டிருக்கிறான், கிறிஸ்துமஸ் தாத்தாவும் நம் தாத்தாவும் ஏன் ஒரே செருப்பு போடுகிறார்கள் என்று.

4:42 அமலன்: அந்தக் கட்டைவிரல் அறுந்த செருப்பா 😂

4:42 அந்தோணி: நல்ல செருப்பு அது

4:43 நிஷா: அமலன் போடட்டும்

4:43 அமலன்: நான் போட்டால் யார் வீடியோ எடுப்பது?

4:48 சூசை: கிறிஸ்துமஸ் தாத்தா என்று நாம் சொல்லும் நிக்கோலாஸ் உண்மையில் ஓர் ஆயர், அதாவது பிஷப். இன்றைய துருக்கியில் இருக்கும் மீரா என்ற ஊரில், நான்காம் நூற்றாண்டில். திருநாள் டிசம்பர் 6. ஆகையால் பிள்ளைகளுக்கு அந்தச் சிவப்புச் சட்டைக்குப் பதில் ஆயர் தொப்பி வைத்துக் காட்டினால்

4:48 ஜெனி: பெரியப்பா, தயவுசெய்து வேண்டாம். புதுத் தொப்பியைப் பார்த்தால் லியா மூன்று நாள் அழுவாள்.

4:49 அந்தோணி: போன வருடம் எங்கள் வீட்டுக்கு டிரம் வாங்கித் தந்தது யார் என்று இன்னும் விசாரணை முடியவில்லை

4:49 அமலன்: (இந்தச் செய்தி நீக்கப்பட்டது)

4:50 ஜெனி: தெரியும் அண்ணா. இந்த வருடம் இரட்டையர்களுக்கு விசில்.

5:37 ஜெனி: ரீத்தா மதினி இருக்கிறீர்களா

5:37 ஜெனி: மதினி

5:38 ஜெனி: அமலன் அண்ணன் கொடுத்த திருவருகை வளையத்தில் இருக்கும் ரோஸ் மெழுகுவர்த்தி எரியவில்லை. நாளை திருவருகைக் காலத்தின் மூன்றாம் ஞாயிறு, அதை ஏற்ற வேண்டுமே, சரி பார்ப்போம் என்று கையில் எடுத்தேன். அடிமூடி திறந்து கிடக்கிறது. உள்ளே பேட்டரி இல்லை. லியா இவ்வளவு நேரம் அந்த மேசைக்கு அடியில்தான் உட்கார்ந்திருந்தாள்.

5:38 ரீத்தா: எந்த பேட்டரி? மற்ற மெழுகுவர்த்தியைத் திறந்து நம்பரைப் பார்.

5:39 ஜெனி: சிஆர் 2032, காசு மாதிரி தட்டையானது

5:39 ரீத்தா: உடனே கிளம்பு. அவசரப் பிரிவு, எக்ஸ்ரே. தேடிக்கொண்டு நிற்காதே.

5:40 ஜெனி: ஆனால் அவள் சிரித்துக்கொண்டுதான் இருக்கிறாள், இருமல்கூட இல்லை

5:40 ரீத்தா: ஆரம்பத்தில் எதுவும் தெரியாது. தொண்டைக்குழாயில் சிக்கினால் இரண்டே மணி நேரத்தில் புண்ணாக்கிவிடும். கிளம்பு.

5:40 சூசை: 2032 என்றால், 20 மி.மீ. அகலம், 3.2 மி.மீ. கனம் என்று பொருள். இதில் சி என்பது

5:40 ரீத்தா: பெரிய மாமா, இப்போது வேண்டாம்

5:41 ரீத்தா: லியாவுக்கு 14 மாதம்தானே? ஒரு வயது தாண்டிவிட்டது, அதனால் தேன் கொடுக்கலாம். 2 டீஸ்பூன், 10 நிமிடத்துக்கு ஒரு தடவை, மொத்தம் 6 தடவைக்கு மேல் வேண்டாம். காரிலேயே கொடு. வீட்டில் தேன் இல்லையென்றால் விட்டுவிடு, அதற்காக வழியில் நிற்காதே. வேறு சாப்பாடு, தண்ணீர், பால் எதுவும் கூடாது. வாந்தி எடுக்க வைக்காதே.

5:42 ஃபிலோ: விரலை விட்டு எடுத்தால் வந்துவிடாதா?

5:42 ரீத்தா: கூடவே கூடாது அம்மா

5:43 பிரவின்: கிளம்பிவிட்டோம். தேன் இருக்கிறது.

5:44 ரீத்தா: பேட்டரி விழுங்கியிருக்கலாம் என்று வாசலிலேயே சொல்லுங்கள். மற்ற மெழுகுவர்த்தி ஒன்றைக் கையோடு கொண்டுபோய்க் காட்டுங்கள். கழுத்து, நெஞ்சு, வயிறு மூன்றும் எடுக்கச் சொல்லுங்கள். காசு மாதிரி தெரிகிறது என்று யாராவது சொன்னால் ஓரத்தில் இரட்டை வளையம் இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். இருந்தால் அது பேட்டரி.

5:46 ஃபிலோ: செபமாலை தொடங்கிவிட்டேன்

5:49 அமலன்: நான்தான் வாங்கிக் கொடுத்தேன். நிஜ மெழுகுவர்த்தி வைத்தால் பிள்ளைகள் கையைச் சுட்டுக்கொள்ளும் என்று.

5:50 நிஷா: மூடிக்குத் திருகாணி இல்லை. நகத்தால் நெம்பினாலே திறக்கிறது. எங்கள் வீட்டில் இருப்பதை இப்போதுதான் பார்த்தேன், நான்கையும் எடுத்து மேலே வைத்துவிட்டேன்.

5:52 ஃபிலோ: நாங்கள் மெழுகுவர்த்தி ஏற்றித்தான் உங்களை எல்லாம் வளர்த்தோம்

5:52 அமலன்: அத்தை, இப்போதா?

5:53 ஃபிலோ: சரி

5:55 அந்தோணி: ஆதன் என்னோடு இருக்கிறான். நாற்காலி, சோபா, பாய் எல்லாம் புரட்டிப் போட்டாகிவிட்டது. டார்ச் அடித்துக்கொண்டு தரையில் படுத்துப் பார்க்கிறேன். இதுவரை கிடைத்தவை: ஒரு கம்மல், ரப்பர் வாத்து, போன வருட நட்சத்திரத்தின் ஒரு முனை.

5:56 ஃபிலோ: அந்தக் கம்மல் என்னுடையது

5:56 அந்தோணி: அக்கா

5:58 அந்தோணி: ஆதனிடம் கேட்டால் தெரியாது என்று தலையை மட்டும் ஆட்டுகிறான். ஜெனி கத்தின கத்தில் பயந்து போயிருக்கிறான். ஒன்றும் கேட்காமல் மடியில் வைத்திருக்கிறேன்.

6:20 அமலன்: என்ன ஆயிற்று?

6:21 பிரவின்: எக்ஸ்ரேக்கு உள்ளே கூட்டிப் போயிருக்கிறார்கள்

6:21 சூசை: 🙏

6:33 ஃபிலோ: இரண்டாவது செபமாலை

6:41 ஜெனி: ஒன்றுமில்லை

6:41 ஜெனி: கழுத்தில் இல்லை, நெஞ்சில் இல்லை, வயிற்றில் இல்லை. மூன்று படமும் பார்த்துவிட்டார்கள்.

6:41 ஃபிலோ: ஆண்டவரே

6:42 அமலன்: 😭😭

6:42 ரீத்தா: அப்பாடா. இனிமேல் தண்ணீர் கொடு.

6:44 ஜெனி: நர்ஸின் பேனாவைப் பிடுங்கிக்கொண்டு தரமாட்டேன் என்கிறாள். எனக்குத்தான் கை நடுக்கம் நிற்கவில்லை. வீணாக எல்லாரையும் கலக்கிவிட்டேன்.

6:45 ரீத்தா: வீண் இல்லை ஜெனி. சந்தேகம் வந்தாலே படம் எடுத்துவிட வேண்டும். நாளைக்குப் பார்க்கலாம் என்று இருந்தவர்களை நான் வார்டில் பார்த்திருக்கிறேன்.

6:58 அந்தோணி: கிடைத்துவிட்டது

6:58 அமலன்: எங்கே???

6:59 அந்தோணி: (படம்)

7:00 நிஷா: இது குடில்தானே சின்ன மாமா

7:03 அந்தோணி: குடில்தான். தீவனத் தொட்டியில், வைக்கோலுக்கு அடியில். தங்கச்சிக்கு ஒன்றும் இல்லையாம் என்று சொன்னதும் ஆதன் மடியை விட்டு இறங்கி, நேராக அங்கே போய் வைக்கோலை விலக்கிக் காட்டினான். "ராஜா வரலை, அதான் நான் வெச்சேன்" என்றான். பாலனுக்குப் பொன்னாம்.

7:04 அமலன்: ஐயோ

7:04 ஜெனி: கடவுளே. நான் அவனைப் போட்டு அதட்டிவிட்டேனே

7:05 அந்தோணி: இது வெள்ளியாச்சேடா என்று கேட்டேன். "மஞ்சள் கலர்ல கிடைக்கலை" என்கிறான்.

7:06 சூசை: கதையை அவன் மனத்தில் அவ்வளவு ஆழமாக வாங்கியிருக்கிறான்.

7:06 அந்தோணி: உன் கதையால்தான் அண்ணே இவ்வளவும்

7:07 சூசை: இருக்கலாம்.

7:15 அமலன்: ஃபிலோ அத்தை எங்கே?

7:21 ஃபிலோ: இருக்கிறேன். அலமாரி மேல் இருந்த பெட்டியை இறக்கினேன். கறுப்பு ராஜாவின் கிரீடம் லேசாக உடைந்திருக்கிறது. ஒட்டித்தான் தர வேண்டும்.

7:22 ஜெனி: அத்தை?

7:23 ஃபிலோ: ராஜாக்கள் வரமாட்டார்கள். ஒட்டகத்தை மட்டும் நாளை பூசைக்கு வரும்போது ஆதனிடம் தருகிறேன். உடைத்துவிடாமல் பார்த்துக்கொள். கழுதைக்குப் பக்கத்தில் வைக்காதீர்கள், அப்பா எப்போதும் எதிர்ப்பக்கம்தான் வைப்பார்.

7:24 அந்தோணி: அக்கா, அப்படியே 24ஆம் தேதி இங்கேயே

7:24 ஃபிலோ: நான் ஒட்டகத்தைப் பற்றித்தான் பேசினேன்

7:25 அமலன்: எங்கள் வீட்டிலும் இடம் இருக்கிறது

7:25 நிஷா: வெள்ளையடிக்கும் வேலை முடிந்தால்

7:31 பிரவின்: வீட்டுக்கு வந்துவிட்டோம். அந்த பேட்டரி இப்போது எங்கே?

7:31 அந்தோணி: என் சட்டைப்பையில்

7:32 ரீத்தா: சின்ன மாமா, இப்போதே எடுங்கள். இரண்டு பக்கமும் டேப் ஒட்டி, பிள்ளைகள் கைக்கு எட்டாத உயரத்தில் வையுங்கள். எரியாத பேட்டரி என்று அலட்சியம் வேண்டாம், தீர்ந்துபோன பேட்டரியும் உள்ளே போனால் சுடும். மற்ற மூன்று மெழுகுவர்த்தியின் மூடியையும் சுற்றி டேப் ஒட்டிவிடுங்கள்.

7:36 அந்தோணி: ஒட்டியாயிற்று. பீரோ மேல், தாத்தா தொப்பிக்கு உள்ளே.

7:37 ஜெனி: அப்பா, அந்த வேடம்தான் வேண்டாம் என்றேனே

7:37 அந்தோணி: தொப்பிதானே. செருப்பு இல்லை.

7:44 ஜெனி: லியா தூங்கிவிட்டாள். ஆதனுக்கு ஒட்டகம் வருகிறது என்று சொன்னேன். உயிரோடு வரும் ஒட்டகம் என்று நினைத்துக்கொண்டு வாசலில் இடம் ஒதுக்கிக்கொண்டிருக்கிறான். 24 பற்றி நாளை பேசுவோம்.

7:45 அமலன்: 👍

8:10 சூசை: ரீத்தா, மாலையில் பாதியில் நின்றுவிட்டது. இப்போது முடிக்கலாமா?

8:11 ரீத்தா: சொல்லுங்கள் மாமா 😄

8:16 சூசை: சி என்பது லித்தியம் மாங்கனீசு டையாக்சைடு வகையைக் குறிக்கும் எழுத்து. ஆர் என்றால் வட்டம். அதற்குப் பிறகுதான் 20, 32.