பிரைட்லிங் எமர்ஜென்சி வாட்ச், பழைய மாடல் வாங்கலாமா?

ரொம்ப நாள் ஆசைங்க, 1995ல வந்த முதல் மாடல், டைட்டானியம் கேஸ், ஒண்ணு விலைக்கு வந்திருக்கு. அதுல இருக்கிற பீக்கன் (ஆபத்துல சிக்னல் அனுப்புற சின்ன டிரான்ஸ்மிட்டர்) இன்னும் வேலைக்கு ஆகுமா? ஆன்டெனாவ ஒருதடவை இழுத்துப் பாத்துட்டு வாங்கலாம்னு இருக்கேன்.

பதில் 1:
ஐயோ இழுத்துடாதீங்க! ஆன்டெனா வெளிய வந்தாலே 121.5 மெகாஹெர்ட்ஸ்ல அபாய சிக்னல் போக ஆரம்பிச்சிடும், அது விமானங்களும் மீட்புக்குழுவும் கேக்கிற அலைவரிசை, சும்மா டெஸ்ட்டுக்குன்னு அனுப்புறது பெரிய தப்பு. சீல் உடையாம இருக்கான்னு மட்டும் பாருங்க.

பதில் 2:
இன்னொரு விஷயம், அபாய சிக்னலைக் கேட்டு மீட்புக்குழுவுக்குச் சொல்ற காஸ்பஸ்-சார்சாட் சாட்டிலைட்டுங்க 2009 பிப்ரவரி 1லேர்ந்து 121.5ஐ கேக்கிறதயே நிறுத்திட்டாங்க. பக்கத்துல பறக்கிற விமானம், தேடி வர்ற ஹெலிகாப்டர் கேட்டாத்தான் உண்டு. அதுக்காகத்தான் 2013ல எமர்ஜென்சி 2 கொண்டுவந்தாங்க, அதுல சாட்டிலைட்டுங்க கேக்கிற 406 மெகாஹெர்ட்ஸும் சேர்த்து இருக்கு, ஆனா கேஸ் அகலம் 51 மில்லிமீட்டர், கையில பெரிய பாரம்.

கேள்வி கேட்டவர்:
ரொம்ப நன்றிங்க, நல்லவேளை கேட்டேன். உயிர்காக்கும்னு நம்பி வாங்கல, அந்த சின்ன இடத்துல டிரான்ஸ்மிட்டர் அடக்கின வேலைப்பாட்டுக்குத்தான் வாங்குறேன்.

பதில் 2:
அப்போ தாராளமா வாங்குங்க, பீக்கன் பேட்டரி மாத்துன ரசீது கேளுங்க.