யூகோஸ்லாவியாவின் கூட்டுத் தலைமை: எல்லாருக்கும் ஒரே இடம் என்பது நியாயமா?

கரிசல்காரன்:
யூகோஸ்லாவியா என்ற கூட்டாட்சி நாட்டின் 1981 கணக்கெடுப்பில் மாண்டினீக்ரோ குடியரசில் சுமார் 5.8 லட்சம் பேர். கொசோவோ, வொய்வோடினா என்ற தன் இரண்டு மாகாணங்கள் நீங்கலான செர்பியாவில் சுமார் 57 லட்சம். 1974 அரசியல் சட்டம் அமைத்த கூட்டுத் தலைமையில் இரண்டுக்கும் ஒவ்வோர் இடம்தான். ஆறு குடியரசு, இரண்டு தன்னாட்சி மாகாணம், ஆளுக்கொரு உறுப்பினர். நாட்டை நெடுங்காலம் ஆண்ட டிட்டோ 1980இல் இறந்தபின் வருடத்துக்கு ஒருவர் முறைவைத்துத் தலைவர். இது உடையாமல் இருந்திருந்தால்தான் ஆச்சரியம்.

மழைக்குருவி:
தலையை எண்ணி இடம் கொடுத்திருந்தால் ஸ்லோவேனியாவும் மாசிடோனியாவும் அந்தக் கூட்டாட்சியில் எதற்கு இருக்க வேண்டும்? மன்னராட்சிக் காலத்தில் செர்பியாவில் இருந்த தலைநகர் பெல்கிரேடு வைத்ததுதான் சட்டம். அந்தப் பயத்தைப் போக்கத்தான் சம இடம். மாகாணங்களையும் சேர்த்தால் செர்பியாவின் எல்லைக்குள் மூன்று இடம் வருகிறதே, அதை ஏன் விட்டுவிட்டீர்கள்?

கரிசல்காரன்:
மூன்று இடமும் செர்பியாவுக்கு என்றா சொல்கிறீர்கள்? மாகாண உறுப்பினரை மாகாண சபைதான் தேர்ந்தெடுத்தது. 1986இல் தலைவரான சினான் ஹசானி கொசோவோ அல்பேனியர். நம் வீட்டு அறைக்காரரே பஞ்சாயத்தில் நமக்கு எதிராகக் கை தூக்கலாம் என்றால் வீட்டுக்காரருக்கு எரியாதா? அந்த எரிச்சலில்தான் செர்பியத் தலைவர் மிலோசெவிச் குளிர்காய்ந்தார்.

மழைக்குருவி:
குளிர்காய்ந்தவர் என்ன செய்தார் என்பதையும் சொல்லுங்கள். 1989இல் இரண்டு மாகாணங்களின் தன்னாட்சியையும் பறித்தார்கள். ஆனால் அவற்றின் இரண்டு நாற்காலிகளை மட்டும் அப்படியே வைத்துக்கொண்டார்கள்! மாண்டினீக்ரோவும் சேர, எட்டில் நான்கு ஒரே கையில். 1991 மார்ச்சில் ராணுவம் நெருக்கடி நிலை கேட்டபோது கொசோவோ உறுப்பினர் ரிசா சபுன்ஜியூ ஒத்துவரவில்லை. உடனே செர்பிய நாடாளுமன்றம் அவரை நீக்கிவிட்டு செய்டோ பைராமோவிச்சை உட்காரவைத்தது. மே மாதம் தலைவர் பதவி குரோஷியாவின் முறை. அதன் உறுப்பினர் ஸ்டீபே மெசிச் தலைவராக ஐந்து ஓட்டு வேண்டும், ஐந்தாவது கிடைக்கவில்லை. ஜூலை பிறக்கும்வரை நாட்டுக்குத் தலைவரே இல்லை. அதற்குள் ஜூன் 25 அன்று ஸ்லோவேனியாவும் குரோஷியாவும் விடுதலை அறிவித்துவிட்டன. குற்றம் சம இடத்தின்மீதா, இடத்தைத் திருடியவர்மீதா?

கணக்குப்பிள்ளை:
குறுக்கே வருவதற்கு மன்னிக்கவும். 1974 சட்டப்படி ஒன்பதாவது உறுப்பினர் ஒருவர் உண்டு, கம்யூனிஸ்ட் கட்சித் தலைவர். 1988 திருத்தத்தில் அந்த இடத்தை எடுத்துவிட்டார்கள். மீதி எட்டு, இரட்டைப்படை. நாலுக்கு நாலு முட்டிக்கொள்ள வழி அப்போதே திறந்தாயிற்று.

கரிசல்காரன்:
ஒன்பதாவது ஆள் இருந்தாலும் பலன் இல்லை சார். 1990 ஜனவரி மாநாட்டில் ஸ்லோவேனியர்கள் வெளியேறியதும் கட்சியே சிதறிவிட்டது. மழைக்குருவி, திருட்டு நடந்தது, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் 1981 கணக்கில் 16 லட்சம் பேர் இருந்த கொசோவோவின் ஓட்டை இன்னொரு நாடாளுமன்றம் இவ்வளவு எளிதில் மாற்ற முடிந்தது என்றால், பூட்டு செய்தவனையும் கேட்க வேண்டும்.

மழைக்குருவி:
கேளுங்கள். கூடவே போகிச் போகிசெவிச்சையும் நினைத்துக்கொள்ளுங்கள். இனத்தால் செர்பியர், ஆனால் போஸ்னியாவின் உறுப்பினர். அதே மார்ச் கூட்டத்தில் தம் இனத்தார் அவர் கையைத்தான் எதிர்பார்த்தார்கள். அவர் நெருக்கடி நிலைக்கு எதிராக ஓட்டளித்தார்.