ஃபுல் ஃப்ரேமுக்கு ஒரே ஒரு ஜூம்: 24-105 எஃப்/4-ஆ, எஃப்/2.8-ஆ?

வடதிசை (கேள்வி)

வணக்கம் நண்பர்களே. கேமரா சோனி ஏ7சி (ஃபுல் ஃப்ரேம், அதாவது 35 மி.மீ. ஃபிலிம் அளவு சென்சார்). கூடவே வந்த 28-60 கிட் லென்ஸும் ஒரு 50 எஃப்/1.8-உம் இருக்கின்றன. கிட் லென்ஸைக் கழற்றிவிட்டு, எப்போதும் கேமராவிலேயே மாட்டியிருக்கிற மாதிரி ஒரு ஜூம் வாங்க வேண்டும். பயணம், கட்டடங்கள், வீட்டுக்குள் ஓடியாடும் பிள்ளைகள், அவ்வப்போது பூக்கள். பறவையும் விளையாட்டும் கிடையாது. பட்டியலில் மூன்று (முதல் எண்கள் மி.மீ.-ல் குவியத்தூரம், சிறியது அகலக் காட்சி, பெரியது நெருக்கக் காட்சி; எஃப் எண் சிறிதானால் வெளிச்சம் நுழையும் துளை பெரிது): சோனி 24-105 எஃப்/4 ஜி, டாம்ரான் 28-75 எஃப்/2.8 ஜி2, சோனி 24-70 எஃப்/2.8 ஜிஎம் 2. எஃப்/4-ல் பின்னணி மங்காது என்கிறார்களே, உண்மையா?

ஆறாம்விரல்

பாதிதான் உண்மை. தூரத்துப் பின்னணி எவ்வளவு கரையும் என்பது எஃப் எண்ணில் மட்டும் இல்லை. குவியத்தூரத்தை எஃப் எண்ணால் வகுத்தால் வருகிற துளையின் விட்டத்தைப் பாருங்கள். 70-ஐ 2.8-ஆல் வகுத்தால் 25 மி.மீ. 105-ஐ 4-ஆல் வகுத்தால் 26.25 மி.மீ. முகம் ஃப்ரேமில் அதே அளவு வரும்படி 105-ல் கொஞ்சம் பின்னால் நகர்ந்து எடுத்தால், தூரத்து மரமும் விளக்கும் இரண்டு லென்ஸிலும் ஏறக்குறைய ஒரே அளவுக்குக் கரையும். பின்னணி ஆளுக்கு ஒட்டியே இருந்தால் மட்டும் எஃப்/2.8 ஜெயிக்கும். உங்கள் 50 எஃப்/1.8-க்கு அந்த விட்டம் 27.8 மி.மீ., அதாவது மங்கலுக்கான லென்ஸ் ஏற்கெனவே உங்கள் பையில் இருக்கிறது.

எஃப்/2.8-ஆல் கிடைக்கும் நிஜமான லாபம் வெளிச்சம், அதுவும் ஒரே ஒரு ஸ்டாப், அதாவது இரண்டு மடங்கு. ஓடுகிற பிள்ளைக்கு ஷட்டர் வேகம் 1/250 நொடிக்குக் கீழே போகக் கூடாது. எஃப்/4-ல் ஐஎஸ்ஓ (சென்சாரின் ஒளியுணர்வு, கூடினால் படத்தில் புள்ளிகள் கூடும்) 6400 கேட்கிற அறையில் எஃப்/2.8-க்கு 3200 போதும், எஃப்/1.8-க்கு 1250 அளவே போதும். ஸ்டெபிலைசேஷனை (அசைவுத் தடுப்பை) நம்பி ஷட்டரைக் குறைக்காதீர்கள். அது உங்கள் கை நடுக்கத்தைத்தான் பிடிக்கும், பிள்ளையின் ஓட்டத்தை அல்ல. சுவர் கூர்மையாக இருக்கும், முகம் இழுபட்டிருக்கும்.

வீட்டுக்குள் 50, வெளியே 24-105. என் ஓட்டு அதற்குத்தான்.

கோணமானி

மங்கலைப் பற்றி ஆறாம்விரல் சொன்னது சரி. ஆனால் நான் முதலில் பார்ப்பது வைட் முனையை, அதாவது ஜூமின் மிகச் சிறிய குவியத்தூரத்தை. 24-ன் கிடைமட்டக் கோணம் சுமார் 74 டிகிரி, 28-ல் சுமார் 65.5 டிகிரி. எண்ணில் 4 மி.மீ.தான் வித்தியாசம், ஆனால் குறுகலான தெருவில் கட்டடத்தை எடுக்கும்போது அந்த எட்டு டிகிரி சொச்சத்தில்தான் கோபுரத்தின் நுனி இருக்கும். டெலி (நீண்ட குவியத்தூர முனை) குறைந்தால் வெட்டிக்கொள்ளலாம்: 70-ல் எடுத்ததை 105 அளவுக்கு வெட்டினால் 24 மெகாபிக்சலில் 10.7 மிஞ்சும், ஏ4 பிரிண்டுக்குத் தாராளம். வைட் குறைந்தால், கேமராவைச் செங்குத்தாகத் திருப்பிப் பிடித்து மூன்றில் ஒரு பங்கு மேற்படிய நாலைந்து படம் எடுத்து ஒட்ட வேண்டும். ஆட்கள் நடமாடும் இடத்தில் அந்த ஒட்டுவேலை சரிவராது.

வீடியோ எடுப்பீர்களா? ஏ7சி 4கே 30 ஃப்ரேமில் 1.2 மடங்கு வெட்டும். 28 அப்போது 34 ஆகிவிடும்.

ஒரு வேலை செய்யுங்கள். கிட் லென்ஸில் இதுவரை எடுத்த படங்களின் எக்ஸிஃப் தகவலை (படத்தோடு பதிவாகும் கேமரா விவரம்) லைட்ரூம் மென்பொருளில் குவியத்தூரம் வாரியாக வடிகட்டிப் பாருங்கள். 28-லேயே முட்டி நிற்பவை அதிகமா, 60-லா? 28 என்றால் உங்கள் பட்டியலில் இல்லாத ஒன்றைச் சொல்வேன்: சோனி 20-70 எஃப்/4 ஜி. எடை 488 கிராம். கேமரா பாடி பேட்டரியோடு 509 கிராம், ஆக நீங்கள் சொன்ன மூன்றுமே (663, 540, 695) பாடியைவிடக் கனம், இது ஒன்றுதான் குறைவு. ஏ7சி-யின் சின்னப் பிடிக்கு இது பெரிய விஷயம். லென்ஸில் ஸ்டெபிலைசேஷன் கிடையாது, பாடியில் இருப்பதே 70 வரை போதும்.

மகரந்தம்

பூக்களுக்காக ஒரு வார்த்தை. டாம்ரான் 28-75 ஜி2 18 செ.மீ. வரை ஃபோகஸ் செய்யும் என்று பார்த்து மயங்க வேண்டாம். அது 28-ல் மட்டும், அதுவும் சென்சாரிலிருந்து அளந்தது. லென்ஸ் நீளம் 118 மி.மீ., மவுண்டிலிருந்து (லென்ஸ் மாட்டும் வளையம்) சென்சார் வரை 18 மி.மீ. இரண்டையும் கழித்தால் பூவுக்கும் கண்ணாடிக்கும் நடுவே 4 செ.மீ. சொச்சம்தான். ஹூடைக் (லென்ஸ் முனையில் மாட்டும் வெளிச்ச மறைப்பு) கழற்றியாக வேண்டும், லென்ஸின் நிழலே பூமேல் விழும். 75-ல் 38 செ.மீ., உருப்பெருக்கம் (சென்சாரில் விழும் பிம்பம் பூவின் நிஜ அளவில் எத்தனை பங்கு என்பது) 0.24. 24-105-க்கு 0.31, 20-70-க்கு 0.39.

மற்றபடி டாம்ரான் நல்ல லென்ஸ்தான். சோனி அல்லாத லென்ஸுக்கு நொடிக்கு 15 ஃப்ரேம் என்ற வரம்பைப் பற்றிக் கேள்விப்பட்டிருப்பீர்கள். ஏ7சி-யே 10தான் எடுக்கும், அதை மறந்துவிடுங்கள்.

வடதிசை

நன்றி. வடிகட்டிப் பார்த்தேன், இரண்டு முனையும் கிட்டத்தட்ட சமம். அப்படியானால் 24-105 பக்கம் சாய்கிறேன். டாம்ரான் 28-200 வாங்கினால் டெலி கவலையே தீருமே?

ஆறாம்விரல்

பகல் வெளிச்சத்தில் மட்டுமே நடப்பவருக்கு அருமையான லென்ஸ், 575 கிராம்தான். ஆனால் பெயரில் உள்ள எஃப்/2.8 28-ஐ ஒட்டித்தான், 70-க்கு வரும்போதே எஃப்/4 ஆகிவிடும், 200-ல் எஃப்/5.6. வைட் முனையும் 28-தான். உங்கள் கட்டடங்களுக்கு இடிக்கும்.

கோணமானி

எதை வாங்கினாலும், திருப்பிக் கொடுக்கும் கெடு முடிவதற்குள் ஒரு சோதனை செய்துவிடுங்கள். ஜூம்களில் உள்ளே ஒரு கண்ணாடி மயிரிழை விலகியிருந்தாலும் ஒரு மூலை மட்டும் சொதப்பும்.

ட்ரைபாடில் வைத்து, ஸ்டெபிலைசேஷனை அணைத்து, 2 நொடி டைமர் போட்டு, அப்பர்ச்சரை (லென்ஸின் துளையை) முழுக்கத் திறந்துவிடுங்கள். நூறு மீட்டருக்கு அப்பால் உள்ள ஒரு ஆன்டெனாவையோ பெயர்ப்பலகையையோ ஃப்ரேமின் இடது மேல் மூலையில் வைத்து, அங்கேயே ஃபோகஸ் செய்து எடுங்கள். இதையே மற்ற மூன்று மூலைகளிலும், 24, 50, 105 மூன்றிலும் திரும்பச் செய்யுங்கள். செங்கல் சுவர் வேண்டாம். கேமரா சுவருக்குத் துளி சாய்ந்திருந்தாலும் ஒரு பக்கம் ஃபோகஸ் தவறும், பழி லென்ஸ்மேல் விழும். வெயில் ஏறினால் காற்று அலையாடி எல்லாமே மங்கலாகத் தெரியும், அதனால் காலையிலேயே முடித்துவிடுங்கள்.

100 சதவீதத்தில் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். நாலு மூலையும் ஒரே மாதிரி மென்மையாக இருந்தால் அது அந்த லென்ஸின் இயல்பு, எஃப்/8-ல் சரியாகும். ஒரு மூலை மட்டும் கெட்டிருந்தால் யோசிக்காமல் மாற்றுங்கள்.